நாளொன்றுக்கு நான்கு டாலர்

கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு மனிதரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அவருடைய நாட்குறிப்பைவிட வரவு செலவுப் பேரேட்டையே முதலில் தேடுவேன். இலக்கியம் படிப்பவனுக்கு ஆகாத பழக்கம் இது என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் எனக்கு வழிகாட்டியது. இருபத்து மூன்று வயதில் அவருடைய 'மோபி டிக்' நாவலைக் கையிலெடுத்து, திமிங்கிலங்களைப் புத்தக அளவுகளைப் போலப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று வகைபிரிக்கும் அத்தியாயத்தோடு மூடி வைத்தேன். பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் அதைத் திறக்கவில்லை. அந்த நாவலின் அமெரிக்கப் பதிப்பு மெல்விலுக்கு வாழ்நாள் முழுவதும் ஈட்டித் தந்த மொத்தத் தொகை 556 டாலர் 37 சென்ட் என்று ஒருநாள் தற்செயலாகப் படித்தேன். அந்த 37 சென்ட் என்னை விடவில்லை. யாரோ ஒருவர் அதைக் கூட்டிப் பார்த்து, கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு மேலே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் நாவலையும் அதை எழுதியவரின் வாழ்க்கையையும் மறுபடி படிக்கத் தொடங்கினேன்.

மெல்விலின் கதை பொதுவாக ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. கப்பலில் போன இளைஞர், முதல் புத்தகத்திலேயே புகழ் பெற்றார். முப்பத்திரண்டு வயதில் தம் உச்சமான படைப்பை எழுதினார், உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மனமுடைந்து நாற்பதாண்டுகள் மௌனமாக இருந்து இறந்தார், பின்னர் உலகம் விழித்துக்கொண்டது. நானும் இதை இப்படியே சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தால், அந்த நாற்பதாண்டு மௌனம் என்ற இடத்தில்தான் கதை பொய்யாகிறது.

அவர் 1819 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தாய்வழித் தாத்தா பீட்டர் கான்சவோர்ட், சுதந்திரப் போரில் ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்த தளபதி. தந்தைவழித் தாத்தா, பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயரின் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களில் ஒருவர். பெருமைக்குக் குறைவில்லாத குடும்பம்தான், ஆனால் பெருமையை வங்கியில் அடகு வைக்க முடியாது. பிரான்சிலிருந்து துணிமணிகளை இறக்குமதி செய்து விற்ற தந்தை ஆலன், கடன்மேல் கடன் வாங்கி 1830இல் நொடித்துப் போனார். மனைவியையும் மற்றக் குழந்தைகளையும் முன்னதாக ஆல்பனி நகருக்கு அனுப்பிவிட்டு அவர் கடைசியாக வீட்டைக் காலி செய்து நீராவிப் படகேறியபோது கூட இருந்தவன் பதினொரு வயது ஹெர்மன். அடுத்த ஆண்டு டிசம்பர் குளிரில் உறைந்து கிடந்த ஹட்சன் ஆற்றைக் கடந்து வந்த தந்தை, படுத்த படுக்கையாகிப் பிதற்றிக்கொண்டே 1832 ஜனவரியில் இறந்தார். அதன் பிறகு சிறுவன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தாய்மாமன் பீட்டர் இயக்குநராக இருந்த வங்கியில் எழுத்தராகச் சேர்க்கப்பட்டான். ஆண்டுச் சம்பளம் 150 டாலர். அமெரிக்காவின் மிகப் பெரிய கடற்கதையை எழுதியவரின் முதல் வேலை என்னுடைய வேலைதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

அடுத்த எட்டாண்டுகள் அலைச்சல். அண்ணனின் தொப்பிக் கடையிலும் பெரியப்பாவின் பண்ணையிலும் வேலை பார்த்தார், கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார், கால்வாய்த் துறையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நில அளவை படித்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1841 ஜனவரி 3 அன்று, இருபத்தொரு வயதில், அக்குஷ்நெட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் மாசசூசெட்ஸ் கரையிலிருந்து புறப்பட்டார்.

திமிங்கிலக் கப்பலில் சம்பளம் கிடையாது, பங்குதான். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துக் கப்பல் எண்ணெயோடு திரும்பினால், நிகர வருமானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னம் கிடைக்கும். மெல்வில் கையெழுத்திட்ட பங்கு 175இல் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து நாவல் எழுதியபோது தம் கதைசொல்லி இஸ்மாயிலுக்கு அவர் கொடுத்த பங்கு 300இல் ஒன்று. அதற்கு முன் கப்பலின் பங்குதாரரான ஒரு கஞ்சக் கிழவர், 777இல் ஒன்று போதும் என்று வேதாகமத்தை வாசித்துக்கொண்டே பேரம் பேசுவார். ஈட்டி எறிவதில் வல்லவனான குவீக்வெக்குக்கு மட்டும் 90இல் ஒன்று. முதல் வாசிப்பில் நான் வேடிக்கையாகக் கடந்துபோன பக்கங்கள் இவை. பின்னத்தின் கீழெண் பெரிதாகப் பெரிதாக வருமானம் சிறிதாகும் என்பதை அனுபவித்து அறிந்த ஒருவர்தான் இந்தக் காட்சியை இத்தனை சிரிப்போடு எழுத முடியும்.

கடல் வாழ்க்கையை இங்கே விரிக்கப் போவதில்லை. அதை அவரே ஐந்தாறு புத்தகங்களில் எழுதிவிட்டார். பதினெட்டு மாதங்களில் அக்குஷ்நெட்டைச் சகிக்க முடியாமல் மார்க்கீசாஸ் தீவுகளில் ஒன்றான நுக்கு ஹிவாவில் ரிச்சர்ட் டோபியாஸ் கிரீன் என்ற தோழரோடு கப்பலைவிட்டு ஓடினார். நரமாமிசம் உண்பவர்கள் என்று பேரெடுத்த மக்களிடையே ஏறத்தாழ நான்கு வாரம் வாழ்ந்தார். இன்னொரு கப்பலில் ஏறி, அதில் நடந்த கலகத்தில் மாட்டி, டஹிட்டியில் சிறைவைக்கப்பட்டார். ஹொனலுலுவில் பந்துருட்டும் விளையாட்டுக் கூடத்தில் விழுந்த கட்டைகளை நிமிர்த்தி வைக்கும் வேலை பார்த்தார். கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கசையடித் தண்டனைகளைக் கண்ணால் பார்த்து, 1844 அக்டோபரில் பாஸ்டனில் கரையிறங்கினார். கையில் பணமில்லை, சொல்வதற்குக் கதைகள் மட்டும் இருந்தன.

முதல் கதையை ஹார்ப்பர் என்ற பதிப்பு நிறுவனத்தார், இது உண்மையாக இருக்க வழியில்லை, ஆகவே மதிப்பில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். லண்டனில் தூதரக வேலையில் இருந்த அண்ணன் கான்சவோர்ட் அதை ஜான் முர்ரே பதிப்பகத்திடம் 100 பவுண்டுக்கு விற்றார். 1846இல் வெளிவந்த 'டைப்பீ' மெல்விலை ஒரே ஆண்டில் பிரபலமாக்கியது. நான்கு வாரத்தை நான்கு மாதமாக நீட்டியிருந்ததால், இதெல்லாம் கட்டுக்கதை என்று பத்திரிகைகள் சந்தேகப்பட்டன. அப்போது, செத்துப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த தோழர் கிரீன், பஃபலோ நகரத்திலிருந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன், புத்தகத்தில் உள்ளது நடந்ததுதான் என்று பத்திரிகைக்கு எழுதினார். இதைவிட நல்ல விளம்பரம் எந்தப் பதிப்பாளருக்கும் வாய்த்திருக்காது. ஆனால் புத்தகத்தை விற்றுக் கொடுத்த அண்ணன், வெளியான சில மாதங்களிலேயே லண்டனில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு 'ஓமூ' வந்தது. அந்த ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவின் மகள் எலிசபெத்தை மெல்வில் மணந்தார். இந்த மாமனாரின் பெயர் இனி அடிக்கடி பேரேட்டில் வரும்.

மூன்றாவது புத்தகமான 'மார்டி'யில்தான் சிக்கல் தொடங்கியது. தீவுக் கதையாக ஆரம்பித்து, தத்துவமும் உருவகமுமாகக் கட்டறுத்து ஓடிய அந்த நூலை விமர்சகர்கள் கிழித்தார்கள், வாசகர்கள் வாங்கவில்லை. நான் அதைப் படித்து முடித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: வாசகர்கள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம். குழந்தை பிறந்திருந்த வீட்டில், 1849ஆம் ஆண்டின் ஒரே கோடையில், நான்கைந்து மாதங்களுக்குள் 'ரெட்பர்ன்', 'வைட் ஜாக்கெட்' என்று இரண்டு முழுப் புத்தகங்களை எழுதி முடித்தார். பணத்துக்காகச் செய்த இரண்டு வேலைகள் இவை, மற்றவர்கள் விறகு அறுப்பதைப் போல நான் இவற்றைச் செய்தேன் என்று மாமனாருக்குக் கடிதம் எழுதினார். அவர் விறகு என்று சொன்ன 'ரெட்பர்ன்' புத்தகத்தில், லிவர்பூல் நகரத்து நிலவறையொன்றில் பட்டினியால் சாகும் தாயையும் குழந்தைகளையும் பற்றிய அத்தியாயத்தை இன்றும் என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. 'வைட் ஜாக்கெட்' கடற்படைக் கசையடியைக் கடுமையாகத் தாக்கியது. அது வெளிவந்த 1850ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் கசையடியை ஒழித்தது. நாவலின் பிரதி ஒவ்வோர் உறுப்பினரின் மேசையிலும் வைக்கப்பட்டதென்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஒழிப்புக்கான இயக்கம் அவருக்கு முன்பே வலுப்பெற்றிருந்தது.

அடுத்தது திமிங்கிலம். 1850இன் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்து, அந்த ஆகஸ்டில் புத்தகம் பெரும்பாலும் முடிந்துவிட்டதென்று நண்பர்களிடம் பேச்சு. அப்படி முடித்திருந்தால் அது இன்னொரு சுவாரசியமான கடற்பயணக் கதையாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு விஷயங்கள் குறுக்கே வந்தன. ஒன்று ஷேக்ஸ்பியர். தம் கண்கள் சிட்டுக்குருவிக் குஞ்சைப் போல மென்மையானவை என்று குறைபட்டுக்கொண்டவருக்கு, முந்தைய ஆண்டுதான் பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிப்பு ஒன்று கிடைத்திருந்தது. இன்னொன்று நாவலாசிரியர் நத்தானியேல் ஹாத்தோர்ன். 1850 ஆகஸ்ட் 5 அன்று பெர்க்ஷயர் மலைப்பகுதியில் சில எழுத்தாளர்கள் கூடி உலாப் போனபோது இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஆறே வாரத்தில் மெல்வில், ஹாத்தோர்ன் குடியிருந்த இடத்துக்குப் பக்கமாகவே பிட்ஸ்ஃபீல்டில் 160 ஏக்கர் பண்ணையை விலைக்கு வாங்கினார். அதற்கு மாமனார் 3,000 டாலர் கொடுத்தார். அது போதாமல், அடுத்த ஆண்டு ஒரு நண்பரிடம் 2,050 டாலரை ஒன்பது சதவீத வட்டிக்கு வீட்டாருக்குத் தெரியாமல் வாங்கினார். இதைப் படித்தபோது, அருகில் இருந்தால் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன் என்று தோன்றியது. தடுத்திருந்தால், பனி மூடிய கிரேலாக் மலை ஒரு திமிங்கிலத்தின் முதுகைப் போலத் தெரியும் அந்த மாடி ஜன்னல் அவருக்குக் கிடைத்திருக்காது.

அந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்துதான், முடிந்ததாகச் சொல்லப்பட்ட புத்தகத்தை அவர் மேலும் ஓராண்டு உடைத்து எழுதினார். 1820இல் பசிபிக் நடுவே எசெக்ஸ் என்ற கப்பலை ஒரு திமிங்கிலம் மோதி மூழ்கடித்த உண்மைச் சம்பவம் அவருக்குத் தெரியும். அந்தக் கப்பலிலிருந்து பிழைத்த ஓவன் சேஸ் எழுதிய புத்தகத்தை, கடலில் இரண்டு கப்பல்கள் சந்தித்துக்கொண்ட வேளையில் சேஸின் மகனிடமே வாங்கிப் படித்தவர். எனினும் சம்பவம் ஒரு கொக்கி மட்டுமே. அதில் அவர் மாட்டியது எண்ணெய் காய்ச்சும் அடுப்பு, கயிற்றின் பின்னல், திமிங்கிலத் தலையின் எடை, வெள்ளை நிறத்தின் அச்சம், ஒற்றைக் காலுடன் பழிவாங்கத் துடிக்கும் கப்பல் தலைவன் ஆகாப் என்று ஒரு முழு உலகம். இரண்டாம் முறை வாசித்தபோது, இருபத்து மூன்று வயதில் என்னை விரட்டிய திமிங்கில அத்தியாயங்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தன. ஒரு தொழிலை அதன் கடைசி ஆணி வரை எழுதிவிட்டு, இவ்வளவு எழுதியும் திமிங்கிலத்தின் முகம் நமக்குத் தெரியவில்லையே என்று கைவிரிக்கிற நேர்மை அவற்றில் இருக்கிறது.

புத்தகம் வளர்ந்த அதே மாதங்களில் கடனும் வளர்ந்தது. 1851 வசந்தத்தில் ஹார்ப்பர் நிறுவனத்திடம் முன்பணம் கேட்டபோது, ஏற்கெனவே நீங்கள் எங்களுக்கு ஏறத்தாழ 700 டாலர் பாக்கி என்று கணக்கைக் காட்டி மறுத்தார்கள். டாலர்கள் என்னைச் சபிக்கின்றன, எழுத வேண்டுமென்று நான் மிகவும் துடிப்பதற்கு விலை கிடைக்காது, வேறு மாதிரி எழுதவும் என்னால் முடியாது, ஆகவே என் புத்தகங்கள் எல்லாம் அரைகுறைகள் என்று ஹாத்தோர்னுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பொதுவாக இதைக் கலைஞனின் ஓலமாக மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அது துல்லியமான இருப்புநிலைக் குறிப்பாகத் தெரிகிறது.

1851 அக்டோபரில் லண்டனில் பெண்ட்லி பதிப்பகம் 'திமிங்கிலம்' என்ற தலைப்பில் மூன்று பாகங்களாக 500 பிரதிகள் வெளியிட்டது. அந்தப் பதிப்பில் கடைசிப் பக்கமான பின்னுரை எப்படியோ விடுபட்டுப் போயிற்று. இஸ்மாயில் ஒருவன் மட்டும் சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர் தப்பினான் என்பதைச் சொல்வது அந்தப் பின்னுரைதான். அது இல்லாததால், எல்லோரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் இந்தக் கதையை யார் சொன்னது என்று ஆங்கில விமர்சகர்கள் சிலர் கேலி செய்தார்கள். ஒரு மாதம் கழித்து நியூயார்க்கில் 'மோபி டிக்' என்ற பெயரில், பின்னுரையோடு, ஹாத்தோர்னுக்குச் சமர்ப்பணமாக வந்தது. மதிப்புரைகள் எல்லாமே மோசமல்ல, பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் அவர் வாழ்நாளில் விற்றவை ஏறத்தாழ 3,200 பிரதிகள். நான் தேடிப் போன 556 டாலர் அதிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு எவராக இருந்தாலும் கொஞ்சம் இளைப்பாறியிருப்பார்கள். மெல்வில் உடனே 'பியர்' எழுதினார். இந்த முறை கடலே இல்லை. குடும்பம், முறைதவறிய ஆசை, எழுத்தாளனாக முயன்று அழியும் இளைஞன். 1852இல் அது வந்ததும் ஒரு நியூயார்க் பத்திரிகை, ஹெர்மன் மெல்விலுக்குப் பைத்தியம் என்று தலைப்பிட்டே செய்தி போட்டது. 1853 டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனத்தின் கட்டடம் தீப்பிடித்து எரிந்தபோது அவருடைய புத்தகங்களின் இருப்பும் பெருமளவு சாம்பலாயிற்று. அதே மாதத்தில்தான் 'பட்னம்ஸ்' மாத இதழில், பக்கத்துக்கு 5 டாலர் என்ற விகிதத்தில், 'பார்ட்டில்பி' கதையின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. வால் ஸ்ட்ரீட் வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் படியெடுக்கும் ஒரு வெளிறிய எழுத்தர், ஒருநாள் சொன்ன வேலையைச் செய்ய விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறான், அவ்வளவுதான் கதை. கோபமில்லை, காரணமில்லை, விருப்பமில்லை என்பது மட்டும்தான். அலுவலகத்தில் முப்பது ஆண்டு கழித்தவர்கள் அதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும். 'பெனிட்டோ செரீனோ' என்ற அடிமைக் கப்பல் கதையும் இந்தக் காலத்தியதே. அமெரிக்காவின் மிகச் சிறந்த சிறுகதைகளில் இரண்டு, பக்கக் கணக்கில் கூலி வாங்கி எழுதப்பட்டவை.

1857இல் வந்த 'நம்பிக்கை மோசடிக்காரன்' அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி நாவல். அதற்கு முந்தைய ஆண்டிலேயே உடலும் மனமும் தளர்ந்திருந்த அவரை, மாமனார்தான் மறுபடி பணம் கொடுத்து ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் அனுப்பி வைத்தார். வழியில் லிவர்பூலில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஹாத்தோர்னைச் சந்தித்தார். கடற்கரை மணல்மேட்டில் குளிர்காற்றுக்கு ஒதுங்கி இருவரும் சுருட்டுப் புகைத்தார்கள். இவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை, இரண்டில் ஒன்றையாவது செய்ய முயலாமல் இருக்க முடியாத அளவுக்கு நேர்மையும் துணிவும் உள்ளவர் என்று ஹாத்தோர்ன் சில நாள் கழித்துத் தம் குறிப்பேட்டில் எழுதினார். மெல்வில் பற்றி யார் எழுதியதும் இதைத் தாண்டவில்லை என்பது என் எண்ணம்.

திரும்பி வந்து மூன்று பருவங்கள் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. 1863இல் பண்ணையைத் தம்பியிடம் கொடுத்து அவருடைய நியூயார்க் வீட்டுக்கு மாறினார். 1866இல் உள்நாட்டுப் போர் பற்றிய கவிதைத் தொகுதியொன்றை வெளியிட்டார், அதுவும் சில நூறு பிரதிகளே விற்றது. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளராகப் பதவியேற்றார். நாள் கூலி 4 டாலர்.

இதுதான் மௌனம் என்று சொல்லப்படும் காலத்தின் வாசல். வாரத்துக்கு ஆறு நாள், பத்தொன்பது ஆண்டு, சட்டையில் அரசு வில்லையைக் குத்திக்கொண்டு, இறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அந்தக் காலத்து நியூயார்க் சுங்கத் துறை லஞ்சத்துக்கும் கட்சி நியமனங்களுக்கும் பேர்போனது. ஆட்சி மாறினால் ஆளும் மாறும். அவருடைய தங்கையின் கணவர் 1873இல் மேலிடத்துக்கு எழுதிய கடிதமொன்று இருக்கிறது. சுற்றிலும் கீழ்த்தரமான பேரம் நடக்க, தனிப்பட்ட உதவிக்காக நீட்டப்படும் பணத்தைச் சத்தமில்லாமல் மறுத்து, சட்டைப்பையில் திணிக்கப்பட்டதையும் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனிதர் இவர், வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று அதில் மன்றாடுகிறார். பார்ட்டில்பியின் மறுப்பை எழுதியவர் அதைத் துறைமுகத்தில் தினமும் வாழ்ந்துகொண்டிருந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகை, இருந்தாலும் அழிக்க மனமில்லை.

முதல் சில ஆண்டுகள் அவருடைய பணியிடம் ஹட்சன் கரையில் இருந்தது. அதே கரையில்தான் கான்சவோர்ட் தெரு முடிகிறது. தாத்தாவின் பெயரைத் தாங்கிய தெரு அது. 1870இல் தாய்க்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்கிறார். அருகில் கான்சவோர்ட் என்ற பெயரிலேயே இருந்த விடுதிக்குள் போய்ப் புகையிலை வாங்கிக்கொண்டு, இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒன்றுமறியாதவர்போலக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, முன்பு இந்தப் பக்கத்தில் நிறையச் சொத்து வைத்திருந்த ஏதோ பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று விளக்கியிருக்கிறார். போர்த் தளபதியின் பேரன் அதைக் கேட்டுக்கொண்டு, மனிதப் புகழின் நிலையாமையைப் பற்றி யோசித்தபடி வேலைக்குத் திரும்பினாராம். கடிதத்தில் கசப்பு இல்லை, நல்ல நகைச்சுவை இருக்கிறது.

கசப்பு வீட்டில் இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை. 1867 மே மாதத்தில், கணவரோடு வாழ்வது எலிசபெத்துக்குத் தாங்க முடியாததாகி, அவரைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போகும் திட்டத்தைப் பற்றி அவருடைய சகோதரரும் தேவாலயப் போதகரும் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான். எலிசபெத் போகவில்லை. அந்தச் செப்டம்பரில் மூத்த மகன் மால்கம், பதினெட்டு வயதில், பூட்டிய தன் அறைக்குள் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்து கிடந்தான். இந்த இரண்டு வரிகளையும் ஒரே ஆண்டின் பக்கத்தில் பார்த்த பிறகு, புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற சொற்றொடரை அவ்வளவு எளிதாக என்னால் உச்சரிக்க முடியவில்லை. புறக்கணிப்பின் செலவில் பெரும்பகுதியை ஏற்றவர் கையெழுத்துப் படிகளை நகலெடுத்துக் கொடுத்த அந்த மனைவி.

இத்தனைக்கும் நடுவே, வேலை முடிந்து வந்த இரவுகளில் அவர் எழுதிக்கொண்டிருந்தது 'கிளாரெல்' என்ற நெடுங்கவிதை. பாலஸ்தீனப் பயணத்தையும் கைவிட்டுப்போன நம்பிக்கையையும் பற்றி ஏறத்தாழ 18,000 வரிகள், மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தைவிட நீளம். இந்தப் பயங்கரமான சுமை ஹெர்மனின் தோளிலிருந்து இறங்கினால் போதும் என்று எலிசபெத் ஓர் உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதினார். தாய்மாமன் பீட்டர் அன்பளிப்பாகத் தந்த 1,200 டாலரில் 1876இல் அது அச்சாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, விற்காத பிரதிகளைக் காகிதக் கூழாக்க மெல்விலே சம்மதம் கொடுத்தார். முழுமையும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்த பகுதிகளில், வறண்ட குறுவரிகளுக்குள் ஒரு மனம் கல்லைக் கடித்து மெல்லும் சத்தம் கேட்கிறது.

என் தொழில் புத்தி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தது. வாழ்நாள் முழுவதும் எழுத்திலிருந்து அவருக்கு வந்த வருமானம் மொத்தம் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல். சுங்கத்தில் நாள் கூலியைப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் இருபதாயிரத்தைத் தாண்டும். அதாவது, எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை என்பது உண்மை, ஆனால் துறைமுகம் அவர் எழுத்தைக் கொன்றது என்பது உண்மையல்ல. யாருக்கும் விற்க வேண்டாத ஒன்றை எழுதும் உரிமையை அந்த நான்கு டாலர் வாங்கிக் கொடுத்தது. அதோடு ஷா குடும்பத்துச் சொத்தும் சேர்ந்தது. 1885 கடைசி நாளில் அவர் வேலையிலிருந்து விலகியபோது, எலிசபெத்துக்கு வந்திருந்த உறவினர் சொத்துகளால் வீட்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை இல்லை. புத்தகங்களும் ஓவிய அச்சுகளும் வாங்கிக்கொள்ள எலிசபெத் அவருக்கு மாதம் 25 டாலர் கொடுத்தார். அறுபத்தாறு வயதில், கேள்வி கேட்காத ஒரே பதிப்பாளர் அவருக்குச் சொந்த வீட்டிலேயே கிடைத்தார். இரண்டாவது மகன் ஸ்டான்விக்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் காசநோயால் இறந்த செய்தி வந்தது அடுத்த சில வாரங்களில்.

அவரை உலகம் முற்றாக மறந்திருந்தது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தில் சில வாசகர்கள் அவர் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் 1880களில் நியூயார்க் வந்து, கவிஞர் வால்ட் விட்மனுக்குத் தோளோடு தோள் நிற்கத்தக்க எழுத்தாளர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தபோது, உள்ளூரில் யாராலும் சொல்ல முடியவில்லை. மெல்விலோ கிழக்கு 26ஆம் தெருவில் ரோஜாச் செடிகளை வளர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றும் 25 பிரதிகள் மட்டும் அச்சிட்ட இரண்டு கவிதைச் சிறுநூல்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில்தான், விலங்கிடப்பட்டுத் தூக்குக்குக் காத்திருக்கும் மாலுமி பாடுவதாக ஒரு சிறு கவிதை எழுதி, அதற்கு முன்குறிப்பாக நாலு வரி உரைநடை சேர்த்தார். முன்குறிப்பு 'பில்லி பட்' என்ற குறுநாவலாக வளர்ந்தது. மாலுமி ஓர் அழகிய, திக்குவாயான இளைஞனானான். அவன்மேல் பொய்க் குற்றம் சாட்டும் அதிகாரி ஒருவர் வந்தார். பதில் சொல்ல நா எழாமல் இளைஞன் அவரை ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். இவன் நிரபராதி என்று மனதுக்குத் தெரிந்தும் சட்டத்தை மீற முடியாமல் தூக்கிலிடும் கப்பல் தலைவர் வீர் கடைசியாக வந்து, கதையையே தம் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த வீர் எங்கிருந்து வந்தார்? 1842இல் சோமர்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் கலகத் திட்டம் என்ற சந்தேகத்தின் பேரில் மூன்று பேர் அவசரமாகத் தூக்கிலிடப்பட்டபோது, அதில் துணைத் தலைமை அதிகாரியாக இருந்தவர் மெல்விலின் இன்னொரு தாய்மாமனுடைய மகன் கெர்ட் கான்சவோர்ட். அடிமைமுறையை வெறுத்தும், 1851இல் தப்பி வந்த அடிமை தாமஸ் சிம்ஸை விடுவிக்க மறுத்து, அவர் சட்டப்படி தெற்கே திருப்பி அனுப்பப்பட இடம் கொடுத்த நீதிபதி லெமுவேல் ஷா, அவருடைய மாமனார். பண்ணை வாங்கவும் பயணம் போகவும் கடன் கொடுத்த அந்த நல்ல மனிதரைப் பற்றி மெல்வில் வாய்திறந்து ஒரு வார்த்தையும் விமர்சித்ததாகப் பதிவில்லை. நாற்பதாண்டுகள் கழித்து ஒரு கப்பல் தலைவரை எழுதினார். கதை அவரைக் கண்டிக்கிறதா, மன்னிக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

1891 செப்டம்பர் 28 அதிகாலையில் அவர் இறந்தார். எழுபத்திரண்டு வயது. சில நாள் கழித்து நியூயார்க்கின் முக்கிய நாளிதழொன்று அவரை நினைவுகூர்ந்து எழுதிய குறிப்பில் அவர் பெயர் ஹிராம் மெல்வில் என்று அச்சாகியிருந்தது.

அந்தக் குறுநாவலின் கையெழுத்துப் படியை எலிசபெத் பல மாதங்கள் ஒழுங்குபடுத்திப் பார்த்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். அது பேத்தியிடம் வந்து சேர்ந்தது. 1919இல், நூற்றாண்டையொட்டி ஒரு கட்டுரை எழுதுவதற்காக வந்த கொலம்பியா பல்கலைக்கழக இளம் ஆசிரியர் ரேமண்ட் வீவர் அதைப் பார்த்தார். 1924இல் 'பில்லி பட்' முதன்முதலாக அச்சேறியது. ஆனால் வீவர் அவசரத்தில், மெல்வில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு துண்டைக் கதையின் முன்னுரை என்று நினைத்துவிட்டார். எலிசபெத்தின் பென்சில் குறிப்புகளை முதல் பதிப்பாசிரியர்கள் மெல்விலின் கையெழுத்தாகப் படித்தார்கள். ஹேஃபோர்ட், சீல்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் மையின் நிறத்தையும் காகித வகையையும் தாள்தாளாக ஒப்பிட்டு, எந்த வரி எப்போது எழுதப்பட்டது என்று 1962இல் பிரித்துக் காட்டிய பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. அதுவரை எல்லாப் பதிப்புகளிலும் இண்டாமிட்டபிள் என்றிருந்த போர்க்கப்பலின் பெயரை, மெல்வில் கடைசிக் காலத்தில் பெல்லிபொட்டன்ட் என்று மாற்றத் தொடங்கியிருந்ததையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். சில தாள்களில் மாற்றியிருக்கிறார், மற்றவற்றில் மாற்றவில்லை.

அந்தப் படி இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. மொத்தம் 351 தாள்கள். அதன் படங்களை ஒருநாள் இரவு கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டி ஒட்டிய துண்டுகள், அடித்தல், அடித்ததன்மேல் அடித்தல். புத்தகம் முடிந்தது, 1891 ஏப்ரல் 19 என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும், செப்டம்பர் வரை மிஞ்சியிருந்த நாட்களில், அவர் திருத்தங்களை நிறுத்தவில்லை.